அச்சுறுத்தலை அளக்கும் கோல்: ‘சோளகர் தொட்டி’ புதினமும் உள்நாட்டுப் பாதுகாப்புக் கொள்கையும்

முன்னுரை

கோபிசெட்டிபாளையம் வருவாய்க் கோட்டத்தின் வட எல்லையில் சத்தியமங்கலம், தாளவாடி மலைக்காடுகள் அமைந்துள்ளன. வீரப்பனைத் தேடித் தமிழ்நாடு, கர்நாடக அதிரடிப்படைகள் 1990களில் இக்காடுகளில் நிலைகொண்டன. அக்காலத்துச் சோளகர் வாழ்வைப் பேசுவது வழக்கறிஞர் ச. பாலமுருகன் எழுதிய ‘சோளகர் தொட்டி’ (2004). மனித உரிமை மீறலின் ஆவணமாகவும் பழங்குடி இனவரைவியலாகவுமே இப்புதினம் பெரிதும் வாசிக்கப்பட்டுள்ளது. அரசு ஓர் அச்சுறுத்தலை எவ்வாறு மதிப்பிடுகிறது என்னும் வினாவை எழுப்பும் பனுவலாகவும் இதனை வாசிக்க இடமுண்டு.

இரு பாகங்களின் தொடர்பு

புதினத்தின் முதற்பாகம் சோளகரின் காட்டையும் வேளாண்மையையும் வழிபாட்டையும், அவர்கள் நிலத்தை இழக்கும் நிலையையும் கூறுகிறது. இரண்டாம் பாகம் தேடுதல் வேட்டையையும் முகாம் வதைகளையும் கூறுகிறது. இவ்விரண்டையும் தனித்தனியே காண்பது பொருந்தாது. காட்டின் மீதான உரிமையை முன்னரே இழந்த மக்களே பின்னர் ஐயத்திற்குரியவராக ஆக்கப்படுகின்றனர். காட்டை அறிந்திருத்தல் முதற்பாகத்தில் அவர்களுக்கு வாழ்வாதாரம். இரண்டாம் பாகத்தில் அதுவே குற்றத்திற்குச் சான்றாகிறது. சிவண்ணா, மாதி ஆகியோரின் துயரம் இத்திரிபின் விளைவாகும்.

சட்டமும் உடலும்

1993 ஏப்ரல் 9 அன்று பாலாற்றில் நிகழ்ந்த கண்ணிவெடித் தாக்குதலுக்குப் பின் எல்லைப்புறச் சிற்றூர்களைச் சேர்ந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் தடாச் சட்டத்தின்கீழ் கைதாயினர். மைசூர் நீதிமன்றத்தின் 2001ஆம் ஆண்டுத் தீர்ப்பில் அவர்களுள் பெரும்பான்மையோர் விடுதலையாயினர். காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியிடம் அளித்த வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்க அச்சட்டத்தின் 15ஆம் பிரிவு இடமளித்தது. வாக்குமூலமே சான்றாகும் இடத்தில் உடலே புலனாய்வின் களமாகிறது. புதினத்தின் வதைக் காட்சிகளை மிகையுணர்ச்சி எனக் கருதுவோர் இச்சட்டப் பின்னணியைக் கருத்தில் கொள்ள வேண்டும். தேசிய மனித உரிமை ஆணையம் அமைத்த நீதிபதி சதாசிவா குழுவின் விசாரணையைத் தொடர்ந்து, 2007-இல் 89 பேருக்கு ரூ.2.80 கோடி இடைக்கால நிவாரணம் வழங்கப் பரிந்துரைக்கப்பட்டமையும் இங்கு எண்ணத்தக்கது.

புதினத்தின் வரையறை

எனினும் புதினத்தின் பார்வைக்கும் எல்லையுண்டு. 1991-இல் கொல்லப்பட்ட வன அதிகாரி பி. சீனிவாஸ், பாலாற்றில் மாண்டோர் ஆகியோரின் இழப்பு இதில் உரிய இடம் பெறவில்லை. அச்சுறுத்தல் மெய்யானது என்பதை ஏற்றுக்கொண்டே அதை எதிர்கொண்ட முறையை மறுத்திருந்தால் புதினத்தின் வாதம் மேலும் வலுப்பெற்றிருக்கும்.

கொள்கைக்கான பாடம்

1998 பிப்ரவரி 14 அன்று 58 உயிர்களைப் பறித்த கோவைத் தொடர் குண்டுவெடிப்புகள் அரசியல் நோக்கம் கொண்ட, நகர்ப்புறம் சார்ந்த வன்முறையாகும். வீரப்பனின் தொடக்கமோ யானைத் தந்தமும் சந்தனமும் கடத்திய காட்டுக் குற்றம். தன்மையில் வேறான இவ்விரண்டையும் ‘பயங்கரவாதம்’ என்னும் ஒரே சொல்லால் அளப்பது புலனாய்வின் கூர்மையை மழுக்கும். தடா 1995-இல் காலாவதியானது; பொடா 2004-இல் நீக்கப்பட்டது. காவல்துறையிடம் அளிக்கும் வாக்குமூலத்தை ஏற்கும் பிரிவு இன்றைய சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தில் இல்லை. ஆயினும் 2008 திருத்தம் பிணையை அரிதாக்கி, விசாரணைக் காவலை 180 நாள் வரை நீட்டிக்க வழிசெய்தது. முன்பு உடல் சுமந்த தண்டனையை இன்று காலம் சுமக்கிறது எனலாம்.

முடிவுரை

குற்றவாளியின் வலிமையை மட்டும் அளந்து, அவன் வாழும் நிலத்து மக்களின் உரிமையை அளக்கத் தவறும் மதிப்பீடு குறையுடையது. 2004 அக்டோபர் 18 அன்று வீரப்பன் கொல்லப்பட்டதோடு அரசின் கணக்கு முடிந்தது. தொட்டியின் கணக்கு முடியவில்லை. தகவல் தரவேண்டிய மக்களையே அஞ்சி விலகச் செய்யும் கொள்கை பாதுகாப்பை வளர்க்காது என்பதே இப்புதினம் ஆய்வுலகிற்கு முன்வைக்கும் கருத்தாகும்.