முதல் துப்பாக்கி

சுடும் விளையாட்டுக்களில் ஆரம்பத்தில் கொடுக்கப்படுகிற ஆயுதம் பின்னால் எறிந்துவிடுவதற்காகவே கொடுக்கப்படுகிறது என்று ஒரு அபிப்பிராயம் பரவலாக இருக்கிறது. நல்லது பிறகு வரும், அதுவரை இதை வைத்துக்கொண்டு ஒப்பேற்று என்கிற மாதிரி. இந்த விளையாட்டுக்களை விமரிசனம் செய்வதாகச் சொல்லிக்கொள்கிறவர்களும் எந்தத் துப்பாக்கிக்கு எத்தனை பலம் என்று பட்டியல் போடுவதோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஒரு விளையாட்டைச் செய்தவர்கள் கலைஞர்களா, கடைக்காரர்களா என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், முதல் ஆயுதம் ஒரு மணி நேரம் கழித்து என்ன கதிக்கு ஆளாகிறது என்று பார்த்தால் போதும். முதல் அத்தியாயத்தில் வந்த பாத்திரத்தைப் பத்தாவது அத்தியாயத்தில் ஆசிரியன் மறந்துவிட்டானா என்று நாவலில் பார்க்கிறோமே, அந்த மாதிரிதான்.

1993ல் அமெரிக்காவில் ஐடி ஸாப்ட்வேர் என்ற கம்பெனி வெளியிட்ட டூம் என்ற விளையாட்டை எடுத்துக்கொள்ளலாம். ஆரம்பத்தில் கையில் ஒரு பிஸ்டலும் 50 குண்டுகளும் இருக்கும். அதுவும் தீர்ந்துபோனால் வெறும் முஷ்டிதான். ஒரு குண்டு செய்யும் சேதம் 5, 10, 15 இவற்றில் ஏதாவது ஒன்று. எது என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. நெருப்பு உருண்டை வீசுகிற இம்ப் என்ற பிசாசுக்கு உயிர் 60. ஆகச் சராசரியாக ஆறு குண்டுகள் தப்பாமல் பட்டால்தான் அது சாயும். சிறிது நேரத்தில் ஷாட்கன் கிடைத்துவிடுகிறது. ஒரு வெடியில் ஏழு ரவைகள். ஒவ்வொன்றும் ஒரு பிஸ்டல் குண்டுக்குச் சமானம். அப்புறம் செயின்கன். பிஸ்டலுக்குப் போடுகிற அதே குண்டைத்தான் அதுவும் தின்கிறது, பலமும் அதேதான். ஆனால் சுடுகிற வேகம் மூன்றரை மடங்கு. இதற்குப் பின் பிஸ்டலுக்கென்று மிஞ்சுகிற குணம் ஒன்றே ஒன்று: செயின்கன்னின் விசையைத் தொட்டால் இரண்டு குண்டுகள் போய்விடும், பிஸ்டலில் ஒன்றுதான் போகும். கருமிக்கு உபயோகப்படலாம்.

இத்துடன் விஷயம் முடிந்திருந்தால் டூமைப் பற்றி நான் எழுத வந்திருக்க மாட்டேன். அதில் வேறு ஒரு சட்டம் இருக்கிறது. சேமித்துவைத்த ஆட்டத்தை நாடாமல், செத்த இடத்திலிருந்து தொடர்ந்தால், அந்தக் கட்டத்தின் தொடக்கத்தில் மறுபடியும் பிஸ்டல், 50 குண்டுகள். சேர்த்த ஆஸ்தி எல்லாம் போயிற்று. இந்தத் தண்டனையை ரஸிகர்கள் ஒரு விரதமாகவே எடுத்துக்கொண்டார்கள். பிஸ்டல் ஸ்டார்ட் என்று அதற்குப் பெயர். சாகாவிட்டால்கூட ஒவ்வொரு கட்டத்தையும் வெறுங்கையோடு தொடங்குவது என்று வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். சொந்தமாகப் புதிய கட்டங்களை அமைக்கிறவர்களில் பலர் இன்றும் இதை ஒரு பரீட்சையாக வைத்திருக்கிறார்கள்.

அப்படி ஆடுகிறவனுக்குத்தான் இடம் தெரிகிறது. எந்த மூலையில் ஷாட்கன் கிடக்கிறது, அதை ஏந்தி நிற்கிற சிப்பாய்களில் யாரை முதலில் வீழ்த்தினால் அது கைக்கு வரும், எங்கே நின்றால் பிசாசுகள் ஒன்றையொன்று தவறிச் சுட்டுக்கொண்டு தமக்குள்ளேயே அடித்துக்கொள்ளும் என்பதெல்லாம் அவனுக்குத்தான் தெரியும். செயின்கன்னோடு நுழைகிறவனுக்கு அதே அறை வெறும் அறைதான். பிஸ்டல் அசக்தமாக இருப்பதாலேயே கண்ணைத் திறந்துவைக்கிறது. செய்தவர்கள் இதை எவ்வளவு தூரம் திட்டமிட்டார்கள் என்பது எனக்கு முக்கியமில்லை. சிருஷ்டியில் அது இருக்கிறது.

1998ல் வெளிவந்த, வால்வ் கம்பெனியார் செய்த ஹாஃப்-லைஃப் வேறு வழியில் போகிறது. அதன் கதாநாயகன் ஒரு பௌதிக விஞ்ஞானி. ஆய்வுக்கூடத்தில் விபத்து நேர்ந்த பிறகு அவன் கையில் அகப்படுவது துப்பாக்கியே அல்ல, கடப்பாரை. கடப்பாரை என்றதும் நம்மூரில் குழி தோண்டுகிற நீள இரும்பை நினைத்துக்கொள்ளக் கூடாது. இது முனை வளைந்த, மரப்பெட்டி பெயர்க்கிற குட்டை இரும்பு. பெட்டி உடைக்க, பலகை பெயர்க்க, காற்றுக் குழாயின் கம்பி வலையைத் தகர்க்க, குண்டைச் செலவழிக்காமல் சில்லறைப் பிராணிகளை அடிக்க எல்லாவற்றுக்கும் அதுதான். பின்னால் ராக்கெட் கிடைத்த பிறகும் பெட்டி உடைக்க ராக்கெட்டை யார் உபயோகிப்பார்கள்? ஆகவே அது கையை விட்டுப் போவதில்லை. படித்தவன் ஒருவன் கையில் கூலிக்காரனின் கருவியைக் கொடுத்ததில் ஒரு ரஸமும் இருக்கிறது.

2001ல் வந்த ஹேலோவில் கப்பல் தலைவர் தம் பிஸ்டலைக் கதாநாயகனிடம் கொடுக்கிறார், குண்டில்லாமல்! குண்டு நீயே தேடிக்கொள் என்கிறார். ஆனால் பலர் சேர்ந்து ஆடும் போட்டியில் அந்த எளிய பிஸ்டல்தான் ராஜா. கடைசிக் குண்டு தலையில் பட்டால் மூன்றே குண்டுகளில் எதிராளி காலி. குறி தெரிந்தவனுக்கு மட்டுமே அது ராஜா என்பதுதான் அழகு. 2004ல் இரண்டாம் பாகம் செய்தபோது அதன் பல்லைப் பிடுங்கி, தூரத்தைப் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியையும் கழற்றிவிட்டார்கள். பெரிய ஆயுதங்களுக்கு மரியாதை வேண்டுமென்று நினைத்தார்கள் போலும்.

நான் கடைக்காரர்கள் என்று சொன்னது 2007ல் வந்த கால் ஆஃப் டியூட்டி நான்காம் பாகத்தையும் அதைப் பார்த்துச் சூடு போட்டுக்கொண்டவர்களையும் மனத்தில் வைத்துத்தான். 55 படிகள், ஆடிக்கொண்டே இருந்தால் படிப்படியாகப் புதுத் துப்பாக்கிகளின் பூட்டு திறக்கும். மாசச் சம்பளத்துக்கு இன்கிரிமெண்ட் மாதிரி. வேடிக்கை என்னவென்றால், ஆரம்பப் படிகளிலேயே கிடைத்துவிடுகிற எம்16, ஒரு அழுத்தலுக்கு மூன்று குண்டு உமிழ்வது, பின்னால் வருகிறவற்றில் பலவற்றை விடச் சிறந்தது. தெரிந்தவர்கள் அதைக் கீழே வைப்பதில்லை. மற்றவர்கள் இராத்திரி இராத்திரியாகக் கண் விழித்து ஏறுகிறார்கள். அடுத்தது உயர்ந்தது என்று நம்பவைப்பதில்தான் ஏணியின் பிழைப்பே இருக்கிறது. கையிலிருப்பதில் தேர்ச்சி பெற வேண்டும் என்ற ஆசையை அது பையன்களிடமிருந்து எடுத்துவிட்டு, நேரத்தை வாங்கிக்கொள்கிறது. இதை நான் சாதாரணக் குற்றமாக நினைக்கவில்லை.

டூமே பிறகு தடுமாறியது. 2016ல் வந்த புது டூமில் பிஸ்டலுக்குத் தீராத குண்டைக் கொடுத்தார்கள்; அதற்குப் பிறகும் யாரும் அதைச் சீந்தவில்லை. 2020ல் வந்த டூம் எடர்னலில் பிஸ்டலே கிடையாது. முதல் நிமிஷத்திலேயே கையில் ஷாட்கன்.