யெஷிம் உஸ்தாவோலுவின் ‘சூரியனை நோக்கி ஒரு பயணம்’

துருக்கியில் குர்து மக்களைப் பற்றிய படம் என்றதும் யில்மாஸ் குனேயின் நினைவுதான் வரும். சிறையிலிருந்து அவர் திரைக்கதை எழுத, ஷெரிப் கோரென் இயக்கிய ‘யோல்’ 1982ல் கான் விழாவில் பரிசு பெற்றது. சொந்த நாட்டில் 1999 வரை திரைக்கு வரவில்லை. அதே 1999ல் வெளிவந்தது உஸ்தாவோலுவின் இந்தப் படம். குனேயின் ஆவேசம் இதில் இல்லை. இருந்திருக்க வேண்டுமென்றும் எனக்குத் தோன்றவில்லை.

மெஹ்மத், மேற்குத் துருக்கியின் தீரே என்ற ஊர்க்காரன். இஸ்தான்புல்லில் பூமிக்கடியில் ஓடும் குழாய்களில் நீர்க்கசிவைக் காதால் கேட்டுக் கண்டுபிடிப்பது அவன் வேலை. பெர்ஸான் குர்தியன், தெருவில் காஸெட் விற்பவன். கால்பந்து வெற்றியைக் கொண்டாடும் கும்பலின் வெறியிலிருந்து தப்பி ஓடுகையில் நண்பர்களாகிறார்கள். பிறகு ஒருநாள், பஸ்ஸில் பக்கத்திலிருந்தவன் விட்டுப்போன பையில் துப்பாக்கி. மெஹ்மத்தின் நிறம் கறுப்பு. கையில் பெர்ஸான் கொடுத்த காஸெட். போலீஸுக்கு இது போதும். அடிபட்டுத் திரும்பும்போது அவன் அறைக் கதவில் சிவப்புப் பெருக்கல் குறி. வேலையும் போகிறது.

குர்தியர் என்றொரு இனமே இல்லை, அவர்கள் ‘மலைத் துருக்கியர்’ என்று சாதித்த அரசு, ஒரு துருக்கியனின் முகத்தில் குர்தியனைச் சுலபமாகக் கண்டுபிடித்துவிடுகிறது. இந்த அபத்தத்தைப் பற்றி படத்தில் யாரும் பிரசங்கம் செய்வதில்லை. (மெஹ்மத்தாக நடித்திருப்பவரின் பெயர் நெவ்ரோஸ்; குர்தியரின் புத்தாண்டுப் பெயர். இதை அங்குள்ள பார்வையாளர்கள் கவனித்திருப்பார்கள்.)

பெர்ஸான் போலீஸின் கையில் சாகிறான். அவன் உடலை ஸோர்துச் என்ற அவனுடைய ஊருக்குக் கொண்டுபோகிறான் மெஹ்மத். இங்கேதான் எனக்கு ஒரு உறுத்தல். குர்தியன் செத்துச் சவப்பெட்டிக்குள் போனால்தான் துருக்கியனுக்குக் கண் திறக்குமா? அடக்கப்பட்டவனின் சாவு இன்னொருவனின் ஞானோதயத்துக்குச் செலவாகும் கதைகள் எல்லா மொழியிலும் மலிந்து கிடக்கின்றன. மெஹ்மத்தின் காதலி அர்ஸு, முழுதாக உருப்பெறாமலே நின்றுபோவதும் இந்தச் சாய்வினால்தான்.

ஆனால் உஸ்தாவோலு மெஹ்மத்துக்கு ஞானம் எதையும் தருவதில்லை. வழியெல்லாம் காலி செய்யப்பட்ட கிராமங்கள். கதவுகளில் அதே சிவப்புக் குறி. அவன் திகைப்பதுகூட இல்லை, பார்த்துக்கொண்டு போகிறான். கீஸ்லோவ்ஸ்கியுடன் வேலை செய்த யாசெக் பெட்ரிஸ்கியின் காமிராவும் அவனைப் போலவே, எதையும் சுட்டிக்காட்டாமல் நகர்கிறது. 1990களில் தென்கிழக்கில் ராணுவம் ஆயிரக்கணக்கான குர்து கிராமங்களைக் காலி செய்ததை ஒரு புள்ளிவிவரமும் இல்லாமல் நாம் அறிந்துகொள்கிறோம்.

ரயிலில் ஒரு இளம் சிப்பாய். தன் ஊர் தீரே என்கிறான். நீ எந்த ஊர் என்று கேட்கிறான். மெஹ்மத் சொல்கிறான்: ஸோர்துச். அவன் பார்த்தேயிராத ஊர். போலீஸ் அடித்து அவன்மேல் ஏற்றிய அடையாளத்தை இப்போது யாரும் வற்புறுத்தாமல் தானே எடுத்துக்கொள்கிறான். சிநேகம் என்ற சொல்லுக்கு இதைவிடக் கனமான காட்சியைச் சமீபத்தில் நான் பார்க்கவில்லை.

போய்ச் சேர்ந்தால் ஸோர்துச் நீருக்குள் கிடக்கிறது. இது வெறும் குறியீடு அல்ல. யூப்ரடீஸின்மேல் கட்டிய அட்டாதுர்க் அணை 1990 வாக்கில் நிரம்பியபோது பழைய சம்சாட் நகரம் அப்படித்தான் மூழ்கியது. மெஹ்மத்தை வரவேற்கவோ, நன்றி சொல்லவோ, கூட அழவோ அங்கே யாருமில்லை. மண்ணுக்கடியில் நீரைக் கேட்டுப் பழகியவன் நீருக்கடியில் ஊர் கிடக்கும் கரையில் நிற்கிறான். பிறகு சவப்பெட்டியைத் தண்ணீரில் விடுகிறான். அது மிதந்து போகிறது.