பேட்டரி ஒயரைக் கழற்றினால் போதுமா?

சைடு ஸ்டாண்டு ஒடிந்துவிட்டது, பால் கேன் மாட்டக் கொக்கி வேண்டும், சேஸிஸில் விரிசல் விட்டிருக்கிறது என்று பைக்கைத் தள்ளிக்கொண்டு போனால், விவரமான வெல்டிங் பட்டறையில் முதல் வேலையாகப் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுவார்கள். அதோடு எலெக்ட்ரானிக்ஸ் தப்பித்தது என்று எல்லோருக்கும் நிம்மதி. அந்த நிம்மதியில் பாதிக்குத்தான் ஆதாரம் இருக்கிறது.

கார்புரேட்டர் வண்டிகளில் கெட்டுப்போகச் சிடிஐயும் ரெகுலேட்டரும் தவிர அதிகம் இருந்ததில்லை. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்தபின் சின்ன வண்டிகளிலும் பெரும்பாலும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன், அதை நடத்தும் இசியூ, கூடவே பல சென்சார்கள். 125 சிசிக்கு மேற்பட்டவற்றில் ஏபிஎஸ்ஸும் சேர்ந்துகொண்டது. வழக்கம் மட்டும் பழையபடியே நிற்கிறது.

அது வீண் வழக்கமல்ல. கிரைண்டர் பிளேடு தவறி ஒயரிங்கில் பட்டால் ஷார்ட் ஆகாது. தீப்பொறி பறக்கிற இடத்தில் பேட்டரியையே வெளியே எடுத்து வைத்துவிட்டால், அதிலிருந்து கசியும் ஹைட்ரஜன் பற்றிக்கொள்ளும் ஆபத்தும் இல்லை. ஐந்து நிமிட வேலை, செலவு கிடையாது.

ஆனால் நெகட்டிவைக் கழற்றியபின்னும் இசியூவின் எர்த் ஒயர் வண்டியின் உலோகத்தோடு இணைந்தேதான் இருக்கிறது. அப்படியானால் ஆபத்து எங்கே? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 28 மில்லிமீட்டர் விட்டமும் 2 மில்லிமீட்டர் கனமும் உள்ள இரும்புக் குழாய், ஒரு மீட்டர் நீளத்துக்கு ஓர் ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட மின்தடை காட்டாது. 100 ஆம்பியர் ஓடினாலும் இரு முனைகளுக்கிடையே 0.1 வோல்ட்டுக்கும் குறைவுதான். சுத்தமான இரும்பு வழியாகப் போகும் வெல்டிங் கரண்ட் இசியூவைச் சீண்டுவது அரிது.

வெல்டிங் மெஷினின் எர்த் கிளாம்ப்பைப் பெயின்ட் மேலேயோ துரு மேலேயோ மாட்டும்போதுதான் வினை தொடங்குகிறது. சேஸிஸில் பற்றவைத்துக்கொண்டு கிளாம்ப்பைப் பின்சக்கரத்தில் மாட்டினால், கரண்ட் பேரிங் வழியாகத்தான் திரும்ப வேண்டும். குண்டுகளில் பொட்டுப்பொட்டாகத் தழும்பு விழும். ரப்பர் புஷ்ஷில் உட்கார்ந்திருக்கும் இன்ஜினில் மாட்டினால் நிலைமை இன்னும் மோசம். இன்ஜினையும் சேஸிஸையும் இணைப்பவை சில எர்த் ஒயர்கள்தான் என்றால், அவ்வளவு ஆம்பியரும் அவற்றின் மேல் விழும். இங்கே பேட்டரி கழற்றியிருக்கிறதா இல்லையா என்பது பொருட்டே அல்ல. பேட்டரி முனைகளில் மாட்டும் சர்ஜ் புரொடெக்டரும் இந்தப் பாதையை அடைக்காது. சப்ளை லைனில் எழும் உச்சத்தை மட்டுமே அது வெட்டும்.

ஆர்கன் வெல்டிங்கின் கதை வேறு. ஹை ஃப்ரீக்வென்சி ஸ்டார்ட் உள்ள மெஷின் ஆயிரக்கணக்கான வோல்ட்டில் பொறியை எழுப்பும். பக்கத்து ஒயர்களில் தொடாமலே மின்னழுத்தத்தைத் தூண்டும். இதற்கு இசியூ, ஏபிஎஸ் கனெக்டர்களைப் பிடுங்கித்தான் ஆக வேண்டும். அதிலும் குறை உண்டு: அவசரத்தில் பிடுங்கினால் லாக் உடையும், கிரைண்டர் தூள் பின்களுக்குள் போகும். கழற்றியவுடன் பிளாஸ்திரி சுற்ற வேண்டும். ஒரு சின்னக் கொக்கிக்கு இத்தனை பாடு எதற்கு என்று வெல்டர் முணுமுணுத்தால் அதிலும் ஞாயம் இருக்கிறது. போல்ட்டில் நிற்கும் கேரியர், கிராஷ் கார்டு போன்றவற்றை வண்டியிலிருந்து கழற்றித் தனியே பற்றவைப்பதே என் கட்சி.

சேஸிஸிலேயே பற்றவைத்தாக வேண்டும் என்றால், பேட்டரியைவிட கிளாம்ப்தான் முக்கியம்: பற்றவைக்கும் இடத்துக்குப் பக்கத்தில், அதே குழாயில், பெயின்டைச் சுரண்டி இரும்பு தெரிந்த இடத்தில் அது கடிக்க வேண்டும். வண்டியை விட்டுவிட்டு டீ குடிக்கப் போகுமுன், “பேட்டரியைக் கழற்றியாச்சாண்ணே?” என்பதோடு, “எர்த்தை எங்கே மாட்டியிருக்கீங்க?” என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.