வழிநடையும் கைபேசியும்

காலால் நடந்து நெடுந்தூரம் போனவர்கள் எழுதிய புத்தகங்களில் எனக்கு ஒரு தனிப் பிரியம் உண்டு. ரயிலிலும் விமானத்திலும் போய் வந்தவர்கள் எழுதுவதைவிட இவற்றில் சத்து அதிகம் என்பது என் அபிப்பிராயம். விமானத்தில் போகிறவன் ஊர்களைப் பார்க்கிறான். நடந்து போகிறவனுக்கு ஊருக்கும் ஊருக்கும் இடையில் இருப்பதும் தெரியும். ஒரு மேட்டை ஏறி இறங்க அரை நாள் பிடிக்கிறவனுக்கு அந்த மேட்டைப் பற்றிச் சொல்ல ஏதாவது இருக்கத்தான் செய்யும்.

இந்தப் பிரியத்தினால் அமெரிக்காவின் நெடும்பாதைகளைப் பற்றி எழுதப்பட்டவற்றைக் கிடைத்தவரை படித்து வருகிறேன். நான் அந்தப் பாதைகளில் நடந்தவன் அல்லன். சாய்வு நாற்காலியில் இருந்தபடியே நடந்தவன். ஆகையால் நான் சொல்லப் போவது மலையேறுகிறவனின் யோசனை அல்ல, கதை எழுதுகிறவனின் கட்சி. கைபேசி வந்த பிறகு நடையைப் பற்றி வெளியாகும் எழுத்தும் படமும் மலைபோலக் குவிகின்றன. ஆனால் மறுபடி ஒருமுறை எடுத்துப் படிக்கலாம் என்று தோன்றுவது அபூர்வமாகிவிட்டது. இது ஏன் என்பதே என் கேள்வி.

பாதைகளைப் பற்றி முதலில் இரண்டு வார்த்தை. கிழக்கே இருப்பது அப்பலாச்சியன் பாதை. பெண்டன் மெக்கை என்பவர் 1921-ல் ஒரு கட்டுரையில் அதற்கு யோசனை சொன்னார். 1937-ல் பாதை முழுமை பெற்றது. ஜார்ஜியா மாநிலத்து ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி மெய்ன் மாநிலத்துக் கட்டாடின் மலையில் முடிகிறது. நடுவில் 14 மாநிலங்கள், சுமார் 3,500 கிலோமீட்டர். மேற்கே மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லை வரை ஓடும் பசிபிக் முகட்டுப் பாதை அதைவிட நீளம். 4,200 கிலோமீட்டருக்கு மேல். ஒரே பருவத்தில் முழுவதும் நடப்பதென்றால் ஐந்தாறு மாதம் வீட்டையும் வேலையையும் மறந்துவிட வேண்டியதுதான்.

இரண்டாம் உலக யுத்தத்திலிருந்து திரும்பிய ஏர்ல் ஷாஃபர், யுத்தத்தை நடந்தே தொலைத்துவிட வேண்டும் என்று 1948-ல் அப்பலாச்சியன் பாதையில் புறப்பட்டார். ஏப்ரலில் தெற்கே அடியெடுத்து வைத்தவர், 124 நாட்களில், ஆகஸ்டு மாதம் கட்டாடின் உச்சியில் நின்றார். ஒரே பயணமாக அதை முடித்ததாகப் பதிவான முதல் மனிதர் அவர்தான். பாதையைப் பராமரித்து வந்த சங்கத்தாரே முதலில் நம்பவில்லை. அவருடைய குறிப்புகளையும் அவர் எடுத்த படங்களையும் பார்த்த பிறகுதான் ஒப்புக்கொண்டார்கள். 1955-ல் எம்மா கேட்வுட் என்ற 67 வயதுப் பாட்டி, பதினொரு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர், தானே தைத்த துணிப்பை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு, சாதாரணக் கான்வாஸ் ஷூவுடன் அதே பாதையை முடித்தார். பிள்ளைகளிடம், சற்று நடந்துவிட்டு வருகிறேன் என்பதற்கு மேல் அவர் சொல்லவில்லை. இன்று ஒரு பாட்டி அப்படிக் கிளம்பினால் தெருமுனை திரும்புவதற்குள் பதினொரு பிள்ளைகளும் அவரைக் கைபேசியில் அழைத்துவிடுவார்கள்!

கைபேசியின் உபகாரத்தை நான் குறைத்துப் பேசவில்லை. கோபுரத்தின் தொடர்பு எட்டாத காட்டிலும், செயற்கைக் கோள்களின் சமிக்ஞையைக் கொண்டு, முன்பே இறக்கி வைத்துக்கொண்ட வரைபடத்தில் நீங்கள் நிற்கும் இடத்தை அது ஒரு புள்ளியாகக் காட்டிவிடுகிறது. ஃபார்அவுட் என்று ஒரு செயலி இருக்கிறது. முன்னால் போனவர் இந்த ஊற்று வற்றிவிட்டது, அடுத்ததில் தண்ணீர் இருக்கிறது என்று அதில் குறித்து வைத்தால், பின்னால் வருகிறவர் அதைப் பார்த்துக் குப்பியை நிரப்பிக்கொள்ளலாம். தெற்குக் கலிபோர்னியாவின் வறண்ட பகுதியில் நடப்பவருக்கு இது வெறும் வசதியல்ல, உயிர்.

கைபேசியின் மேல் வழக்கமாகச் சுமத்தப்படும் குற்றச்சாட்டு, அது தனிமையைக் கெடுக்கிறது என்பது. இதை நான் ஒப்பவில்லை. வால்டன் குளக்கரையில் 1845 முதல் இரண்டு ஆண்டுக்குமேல் குடிசை போட்டுக்கொண்டிருந்த தோரோவுக்கு ஊர் கூப்பிடு தூரத்தைவிடச் சற்றே அதிகம். அடிக்கடி போய் ஊர் வம்பு கேட்டுவிட்டுத்தான் வருவார். அதனால் அவர் புத்தகத்துக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை. 1998-ல் வெளியான பில் பிரைசனின் அப்பலாச்சியன் புத்தகத்தில் தனிமையே இல்லை. கூட வந்த பழைய சிநேகிதரோடு அவர் போடும் சண்டையும் சமாதானமுமே அதன் ஜீவன். அவர் பாதையில் பாதியைக்கூட நடக்கவில்லை. ஆனாலும் முழுதும் நடந்த பலர் எழுதியதைவிட அது நன்றாக இருக்கிறது. ஆகவே தனிமையும் முக்கியமல்ல, நடந்து முடித்தோமா என்பதும் முக்கியமல்ல.

என் குற்றச்சாட்டு வேறு. கைபேசி, நடப்பவரை அன்றைக்கு அன்றே கதை சொல்ல வைத்துவிடுகிறது.

இன்று அந்தப் பாதைகளில் நடக்கும் பலர், இரவு கூடாரத்துக்குள் படுத்தபடியே அன்றைய தினத்தை எழுதியோ பேசியோ படம் பிடித்தோ, தொடர்பு கிடைத்ததும் உலகத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். இவற்றில் ஒரு நடையை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை விடாமல் தொடர்ந்து பார்த்தேன். பொய் இல்லை, சோம்பல் இல்லை, சில காட்சிகள் கண்ணைப் பறித்தன. ஆனால் நாற்பதாம் நாளுக்கும் தொண்ணூறாம் நாளுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. இன்று இத்தனை மைல், காலில் கொப்புளம், சாயங்காலம் மழை, சாப்பாடு இன்னது. எது பெரிய விஷயம், எது சின்ன விஷயம் என்று சொல்கிறவருக்கே இன்னும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அன்றுதானே நடந்திருக்கிறது!

இதற்கு நேர் எதிராக ஷெரில் ஸ்ட்ரெய்டின் ‘வைல்ட்’ புத்தகத்தை வைத்துப் பாருங்கள். தாய் இறந்து, மணவாழ்வும் முறிந்து, போதைப் பழக்கத்திலும் சிக்கி மீண்ட அவர், 26-வது வயதில், 1995-ல், பசிபிக் முகட்டுப் பாதையில் சுமார் 1,770 கிலோமீட்டர் தனியாக நடந்தார். புத்தகம் வெளிவந்தது 2012-ல். நடந்ததற்கும் வெளிவந்ததற்கும் நடுவில் பதினேழு ஆண்டு. பயணத்தின் நடுவில், மலைச் சரிவில் உட்கார்ந்திருக்கும்போது அவருடைய பூட்ஸ் ஒன்று கீழே உருண்டு காட்டுக்குள் மறைந்துவிடுகிறது. ஒற்றை பூட்ஸை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதையும் தூக்கி எறிந்துவிடுகிறார். வாரக்கணக்கில் நடந்த பிறகு நேர்ந்த இந்தச் சம்பவத்தைப் புத்தகத்தின் முதல் வாசலில் கொண்டுவந்து வைத்திருக்கிறார். இரவுக்கு இரவு எழுதி அனுப்பியிருந்தால் அது இன்னொரு நாளின் இன்னொரு சங்கடம் என்று போயிருக்கும். நாலு பேர் ‘ஐயோ பாவம்’ என்றிருப்பார்கள். எல்லாவற்றையும் இழந்துவிட்டு வெறுங்காலுடன் நிற்கும் ஒரு பெண்ணின் நிலை அந்த ஒரு நிமிஷத்தில் அடங்கியிருக்கிறது என்று கண்டுகொள்ள, நிமிஷம் பழசாக வேண்டியிருக்கிறது.

பாட்ரிக் லீ ஃபெர்மர் 1933 டிசம்பரில், 18 வயதில், ஹாலந்துக் கடற்கரையிலிருந்து கான்ஸ்டான்டிநோபிள் நோக்கி நடக்கத் தொடங்கினார். அந்த நடையைப் பற்றிய முதல் புத்தகம் வந்தது 1977-ல். வழியில் மியூனிக் நகரத்திலேயே அவருடைய பையும் அதற்குள் இருந்த நோட்டும் திருட்டுப் போய்விட்டன. அந்த நகரம் வரை வந்த கதையை நினைவிலிருந்துதான் எழுதினார். நோட்டு போய்விட்டதே என்று நான் ஒருபோதும் வருந்தியதில்லை.

காலத்தின் இந்த வேலையை இன்னும் தெளிவாகப் பார்க்க வேண்டுமானால், அமெரிக்காவை விட்டு ஜப்பானுக்குப் போக வேண்டும். கவிஞர் பாஷோ 1689-ல் சோரா என்ற சீடருடன் வடக்கு நோக்கி மாதக்கணக்கில் நடந்தார். பல ஆண்டு திருத்தித் திருத்தி எழுதிய ‘ஒக்கு நோ ஹொசொமிச்சி’ என்ற அவருடைய பயண நூல், 1694-ல் அவர் இறந்த பிறகு, 1702-ல்தான் வெளியாயிற்று. கூட நடந்த சோராவும் ஒரு நாட்குறிப்பு எழுதி வைத்திருந்தார். அது 1943-ல் வெளிச்சத்துக்கு வந்தது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த அறிஞர்கள், தேதியும் இடமும் பல இடங்களில் ஒத்துவரவில்லை என்று கண்டார்கள். இச்சிபுரி என்ற ஊரில் ஒரு சத்திரத்தில், அடுத்த அறையில் இரண்டு தாசிப் பெண்கள் தங்கியிருக்கிறார்கள். இஸே கோயிலுக்குப் போகிறவர்கள். வழி தெரியாது, உங்கள் பின்னாலேயே வருகிறோம் என்று அழுகிறார்கள். நாங்கள் அங்கங்கே தங்கிப் போகிறவர்கள், முடியாது என்று பாஷோ அனுப்பிவிடுகிறார்; பிறகு வெகு நேரம் மனசு கேட்காமல் இருக்கிறது. அந்த நூலில் நெஞ்சைத் தொடும் இடங்களில் இது ஒன்று. சோராவின் நாட்குறிப்பிலோ அந்தப் பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பாஷோ கற்பனை செய்தாரா, சோரா விட்டுவிட்டாரா என்பதை அறிஞர்கள் பார்த்துக்கொள்ளட்டும். சோராவின் குறிப்பு ஆராய்ச்சிக்கு உதவும், நல்ல காரியம்தான். ஆனால் முந்நூறு ஆண்டுக்கு மேலாக மனிதர்கள் படித்து வருவது பாஷோவை. கைபேசி என்ன செய்திருக்கிறது என்றால், நம் எல்லோரையும் சோராவாக ஆக்கியிருக்கிறது. அந்தக் குறிப்பையும் அன்றிரவே அச்சேற்றிவிடச் செய்திருக்கிறது.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. சொன்னால் பதில் வருகிறது. வாராவாரம் தொடர்கதை எழுதியவர்களுக்கு இது தெரிந்த சமாசாரம். கதாநாயகியைச் சாகடித்துவிடாதீர்கள் என்று நாலு வாசகர் கடிதம் வந்தால், சாக வேண்டியவள் அடுத்த இதழில் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். தொடர்கதைக்காரனுக்காவது நடுவில் ஒரு வாரம் இருந்தது. கைபேசிக்காரருக்கு அரை மணி. எட்டு மணிக்கு அனுப்பிய படத்துக்கு எட்டரைக்குள் நூறு பேர் ‘சபாஷ்’ போடுகிறார்கள். மறுநாள் காலையில் அவர் மரங்களுக்கு நடுவே நடக்கவில்லை. அந்த நூறு பேர் முன்னிலையில் நடக்கிறார். எதைப் பார்த்தால் சபாஷ் வரும் என்று கண் தானாகவே தேட ஆரம்பித்துவிடுகிறது.

அப்படியானால் கைபேசியை வீட்டில் வைத்துவிட்டுப் போகலாமே என்று சில சுத்த சுயம்பிரகாச நடையாளர்கள் சொல்கிறார்கள். எனக்கு அந்தத் தைரியம் கிடையாது. 2013-ல் மெய்ன் மாநிலத்துக் காட்டில், அப்பலாச்சியன் பாதையில் தனியாக நடந்துகொண்டிருந்த ஒரு பெண்மணி, பாதையை விட்டுச் சற்று விலகியவர், திரும்பி வரும் வழியைத் தவறவிட்டார். கைபேசி இருந்தது, தொடர்பு இல்லை. வழி தவறிவிட்டேன் என்று கணவருக்குச் செய்தி அனுப்பப் பார்த்தார். மேடான இடம் தேடிப் போய்த் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்தார். ஒன்றுகூடப் போய்ச் சேரவில்லை. பெரிய கூட்டமே தேடியும் அகப்படவில்லை. மூன்று வாரத்துக்கு மேல் உயிரோடு இருந்தார் என்பது, 2015-ல் அவருடைய கூடாரமும் உடலும் கண்டெடுக்கப்பட்டபோது, கூட இருந்த நோட்டிலிருந்து தெரிந்தது. தன்னைக் கண்டெடுப்பவர்கள் வீட்டாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தார்.

இதைப் படித்த பிறகு, கைபேசி இல்லாத நடையின் அழகைப் பற்றி ஒருவர் பேச வந்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. 2022 நவம்பர் முதல் அமெரிக்காவிலும் கனடாவிலும் சில ஐபோன்களிலிருந்து, கோபுரம் இல்லாத இடத்திலும், செயற்கைக் கோள் வழியாகவே அபாயச் செய்தி அனுப்ப முடிகிறது. இது ஒன்பது ஆண்டு முன்னால் வந்திருக்கக் கூடாதா என்றுதான் மனசு அடித்துக்கொள்கிறது.

ஆனால் அந்தப் பெண்மணி அனுப்ப முயன்றது கதை அல்ல, கூக்குரல். கூக்குரல் அந்த நிமிஷமே போய்ச் சேர வேண்டும். ஒரு மணி தாமதித்தாலும் பயனில்லை. கதை அப்படியல்ல. தாமதிக்கத் தாமதிக்கத்தான் அதில் சாரம் ஏறுகிறது. இரண்டையும் ஒரே பெட்டியில், ஒரே பொத்தானில் வைத்துக் கொடுத்துவிட்டார்கள். நாமும் இரண்டும் ஒன்றுதான் என்று மயங்கிவிட்டோம். நான் கேட்பதெல்லாம் இந்த இரண்டையும் பிரித்துப் பாருங்கள் என்பதுதான். ‘சுகமாக இருக்கிறேன், இன்ன இடத்தில் தங்கியிருக்கிறேன்’ என்று வீட்டுக்கு இரண்டு வரி தினமும் போகட்டும். காத்திருக்கிறவர்களுக்கு அது நாம் பட்ட கடன். மற்றதைக் கொஞ்ச காலம் வைத்துக்கொண்டிருக்கலாம்.

அப்பலாச்சியன் பாதையில் வழிநெடுக மரத்தாலான தங்குமிடங்கள் உண்டு. அவற்றில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருப்பது பழைய வழக்கம். இராத் தங்குகிறவர்கள் பெயரையும் ஏதாவது இரண்டு வரியையும் எழுதிவிட்டுப் போவார்கள். கரடி வந்தது, எலி தொல்லை, கால் வலிக்கிறது, வீட்டு ஞாபகம் வந்துவிட்டது என்று இருக்கும். அதுவும் அன்றைக்கே எழுதுவதுதான். ஆனால் வீட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிற நூறு பேருக்காக எழுதுவதில்லை. அதே பாதையில், அதே கால்வலியோடு, பின்னால் வரப்போகிற ஒருவருக்காக எழுதுவது. பதில் வராது என்று தெரிந்தே எழுதுவது. இந்த வழக்கம் இன்னும் அழிந்துவிடவில்லை என்பதில் எனக்குச் சந்தோஷம்.

கைபேசித் தலைமுறையிலிருந்து நல்ல புத்தகம் வராது என்று நான் சொல்லவில்லை. வரும். அனுப்பியதையெல்லாம் அனுப்பிவிட்டு, சபாஷ்களையெல்லாம் வாங்கிக்கொண்டு, ஊருக்குத் திரும்பி, வேலைக்குப் போய், கல்யாணம் பண்ணிக்கொண்டு, ஒரு நாள் காரணமே இல்லாமல் அந்த மலைச் சரிவு ஞாபகம் வந்து, அன்றிரவு அனுப்பாமல் விட்டது எது என்று ஒருவர் யோசிக்க ஆரம்பிப்பார். அங்கேதான் அந்தப் புத்தகம் தொடங்கும். இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டு ஆகலாம். நான் காத்திருக்கத் தயார்.