மூடும் நாளை யார் கேட்டார்கள்?

ஆலங்குடியிலிருந்து வடகாடு, நெடுவாசல் பக்கம் போனால் செம்மண் கொல்லைகள். பலா, வாழை, மல்லிகை, நிலக்கடலை. இவற்றில் பெரும்பகுதி பல நூறு அடி ஆழ போர் தண்ணீரில் பிழைக்கிறது. அந்தக் கொல்லைகளுக்கு நடுவே, முன்பு ஓ.என்.ஜி.சி. தோண்டிய எண்ணெய்க் கிணறுகளும் உண்டு.

2017 பிப்ரவரி 15 அன்று, நாடெங்கும் 31 சிறு எண்ணெய், எரிவாயுப் பகுதிகளை ஏலத்தில் எடுத்தவர்களுக்குக் கொடுக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. நெடுவாசல் அதில் ஒன்று. மறுநாளே ஊர் பந்தலில் உட்கார்ந்தது. அந்த எதிர்ப்பு நியாயமானதா?

அரசு தரப்பை முதலில் கேட்போம். நாட்டின் கச்சா எண்ணெய்த் தேவையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இறக்குமதி. நிலத்தில் எடுத்தால் ராயல்டி மாநிலத்துக்கு வரும். நரிமணம், குத்தாலம் பக்கம் எண்ணெயும் எரிவாயுவும் பல்லாண்டுகளாக எடுக்கிறார்கள். அருகிலேயே நெல்லும் விளைகிறது. ஆகவே, கிணறு தோண்டிய மறுநாள் மண் பாலைவனமாகிவிடும் என்று மேடையில் முழங்கியது மிகை. போராட்டத்தின் பலவீனம் அந்த முழக்கம்தான்.

பலம் வேறிடத்தில் இருக்கிறது. எண்ணெய் வயலுக்கும் ஆயுள் உண்டு: தேடல், தோண்டல், உச்சம், சரிவு, மூடல். லாபமெல்லாம் நடுவில் வருகிறது. பொறுப்பெல்லாம் கடைசியில் வருகிறது. மும்பை ஹை 1974இல் கண்டுபிடிக்கப்பட்டு 1976இல் உற்பத்திக்கு வந்தது. 50 ஆண்டு தாண்டிய அந்த வயலில் சரிவைத் தடுக்க இன்று வெளிநாட்டு நிறுவனத்தின் உதவி தேவைப்படுகிறது. அதுவாவது ராட்சத வயல். நம் காவிரிப் படுகைக் கடலில் உள்ள பி.ஒய்-3 1988இல் கண்டறியப்பட்டு, 1997இல் உற்பத்தி தொடங்கி, 2011இல் நின்றுபோனது. 14 ஆண்டு வருமானம். பிறகு மிச்சத்தை எடுப்பது பற்றி ஆண்டுக்கணக்கில் பேச்சு. சிறு வயல்களின் ஜாதகம் இப்படித்தான் இருக்கும். நெடுவாசலுக்கு வரவிருந்ததும் சிறு வயல்தான்.

கடலில் கிணறு தூங்கிக் கிடந்தால் பட்டாதாரர் யாரும் வாசலில் வந்து நிற்கப்போவதில்லை. கொல்லையில் அப்படியா? எண்ணெய்க் கிணறு போர்த் தண்ணீர் இருக்கும் மண்ணடுக்குகளைத் துளைத்துக்கொண்டுதான் கீழே இறங்குகிறது. இரண்டையும் பிரித்து வைப்பது இரும்புக் குழாயும் அதைச் சுற்றி இறுக்கிய சிமென்ட்டும். உற்பத்தி 15 ஆண்டில் முடியலாம்; அந்தச் சிமென்ட் தலைமுறைகளுக்கு நிற்க வேண்டும். நின்றதா என்று யார் வந்து பார்ப்பார்கள்? குழாய்கள் பிழைபடாதவை என்று சொல்வாருமில்லை; 2017 ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்தது.

வயலை மூடிச் சீரமைப்பதற்கென 1999 முதலே ஒரு நிதித் திட்டம் இருக்கிறது. ஆனால் பழைய கிணறுகளை மூடி நிலத்தைத் திருப்பித் தருகிறோம் என்ற உறுதியை, 2017இல் இந்த ஊர்க்காரர்கள் பந்தலில் உட்கார்ந்துதான் பெற வேண்டியிருந்தது. பழைய கணக்கே தீராத இடத்தில் புதுக் கணக்குத் தொடங்க வந்தவர்களை நம்ப மறுத்தது அறியாமையாகாது, அனுபவம்.

2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் திருவரங்குளம், கறம்பக்குடி, அறந்தாங்கி, ஆவுடையார்கோயில், மணமேல்குடி ஒன்றியங்களுக்குள் புதுக் கிணறுகளைத் தடுக்கிறது. ஆனால் முன்பே நடப்பவற்றை அது தொடவில்லை. 2021இல் இதே பகுதியின் வடதெருவை மத்திய அரசு ஏலப் பட்டியலில் சேர்த்தது. முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுத நேர்ந்தது. மணமேல்குடிக் கரையைத் தாண்டினால் கடல். அதன் அடியில் கிடைக்கும் எண்ணெய் அரசியல் சட்டப்படி மத்திய அரசுடையது. விவசாயிக்குக் கிடைத்த காப்பு மீனவருக்கு இல்லை.

ஆகவே என் முடிவு இது. நெடுவாசல் மறுத்தது சரி. சொன்ன காரணங்களில் பாதி சரியில்லை. பாலைவனம் பற்றிய பயத்தை விடவும் வலுவான ஒரு கேள்வி அவர்கள் கையில் இருந்தது: எடுத்து முடித்த பின் மூடப்போவது யார், எந்த ஆண்டு, எந்தப் பணத்தில்? முதல் பீப்பாய்க்கு முன்பே அதற்குப் பதில் எழுதிக் கையெழுத்திடாத எந்தத் திட்டமும், கொல்லையிலும் சரி கடலிலும் சரி, ஒப்புதலுக்குத் தகுதியற்றது.