தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்: ராப்பும் நேரடி வாத்தியமும்

தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் சென்னையைச் சேர்ந்த இசைக்குழு. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் இணைந்து 2017-ல் இதை உருவாக்கினர். சாதியற்ற தமிழர் என்ற அயோத்திதாசப் பண்டிதரின் கருத்திலிருந்து குழுவின் பெயர் பெறப்பட்டது. 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் 19 பேருடன் முதல் மேடை ஏறியது. 'மகிழ்ச்சி' இதன் இசைத்தொகுப்பு.

ராப் பாடல்களின் பின்னணி பெரும்பாலும் கணினியிலோ பழைய இசைத்தட்டுகளிலிருந்து வெட்டி எடுத்த ஒலித்துண்டுகளிலோ அமைவது. ஜேம்ஸ் பிரவுனின் 'ஃபங்கி டிரம்மர்' (1970) பாடலில் கிளைடு ஸ்டபிள்ஃபீல்டு வாசித்த சில நொடி டிரம்ஸ் நூற்றுக்கணக்கான ராப் பாடல்களில் ஒலிக்கிறது. அவருக்கு அதற்குரிய பெயரும் பணமும் கிடைக்கவில்லை. தாளம் எஞ்சி வாசித்தவர் மறைவது தமிழ்நாட்டிலும் பழைய கதைதான். சேலம், நாமக்கல் பக்கத்து மாரியம்மன் பண்டிகையில் பம்பைக்கு ஆடியவர்களில் எத்தனை பேருக்குப் பம்பைக்காரரின் பெயர் தெரியும்?

இந்தக் குழுவின் முதல் சாதனை இங்கேதான் உள்ளது. பறை, சட்டி, கட்டமோளம், டோலக் வாசிப்பவர்கள் கோட்டு சூட்டு அணிந்து, கிட்டார், டிரம்ஸ் கலைஞர்களுக்குச் சமமாக மேடையின் நடுவே நின்றனர். கானாப் பாடகி இசைவாணியும், அரக்கோணத்தைச் சேர்ந்த ராப் பாடகர் அறிவும், தாராவியின் டோப்பாடெலிக்ஸ் குழுவினரும் அந்தத் தாளத்துக்கு இறங்கி வந்து பாட வேண்டியிருந்தது. அமெரிக்காவில் தி ரூட்ஸ் போன்ற குழுக்கள் நேரடி வாத்தியங்களோடு ராப் பாடியுள்ளன. இங்கே சேர்க்கை இன்னும் கடினமானது. கானா பெரும்பாலும் ஆறு எண்ணிக்கையில் துள்ளும், ராப் நான்கில் நடக்கும். இரண்டும் உரசும் இடங்களில்தான் குழு உயிரோடு இருக்கிறது.

உரசல் இல்லாத இடங்களில் தொய்வும் தெரிகிறது. இடஒதுக்கீடு பற்றிய பாடலில் வாதம் கூர்மையானது, ஆனால் சொற்கள் நெருக்கியடித்து வருவதால் வாத்தியங்கள் ஒதுங்கி நின்று வழிவிடுகின்றன. 19 பேர் இருந்தும் இரண்டு பேர் வாசிப்பதுபோலக் கேட்கிறது. ஒலிப்பதிவு இந்தக் குறையைப் பெரிதாக்குகிறது. மேடையில் நெஞ்சில் அடிக்கும் பறை, காதொலிப்பானில் சுத்தம் செய்யப்பட்ட ஓர் ஓசையாகச் சுருங்கிவிடுகிறது. டென்மாவின் ராக் அமைப்பு சில பாடல்களில் கானாவின் நையாண்டியையும் விறைப்பாக்குகிறது. மரண கானாவின் துக்கத்தோடு கலந்த கிண்டல் இக்குழுவிடம் இன்னும் அதிகம் வந்திருக்கலாம்.

அறிவு 2019-ல் தயாரிப்பாளர் ஆஃப்ரோவுடன் 'தெருக்குரல்' தொகுப்பை வெளியிட்டார். அதில் ஒரே ஒருவர் அமைத்த கணினி இசையில் அவருடைய சொற்களுக்கு மூச்சுவிட இடம் இருக்கிறது. ராப் என்ற அளவில் அதுவே செறிவான தொகுப்பு. ஆனால் சட்டி வாசித்தவரின் முகம் அதில் இல்லை.