குண்டு மட்டும்தான் காரணமா?

பிகாசோவின் 'நீலக் காலகட்டம்' பற்றிப் படித்தவர்களுக்குக் கார்லெஸ் காசஜேமாஸைத் தெரிந்திருக்கும். 1901-ல் பாரிஸில் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு இறந்துபோன நண்பர். அவருடைய அக்கா லூயிசா ஓபரா எழுதியவர் என்பது எனக்குச் சமீபத்தில்தான் தெரிஞ்சுது.

லூயிசா 1873-ல் பார்சிலோனாவில் பிறந்தவர். இருபது வயது நிரம்புவதற்கு முன்பே 'ஸ்கியாவா எ ரெஜினா' என்ற இத்தாலிய ஓபராவை எழுதிவிட்டார். 'அடிமையும் அரசியும்' என்று பொருள். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் அதற்குப் பரிசும் கிடைத்தது. பார்சிலோனாவின் லிசெயு அரங்கில் அதை மேடையேற்ற ஏற்பாடானது.

1893 நவம்பர் 7, லிசெயுவில் பருவத்தின் முதல் நாள். ரொசினியின் 'வில்லியம் டெல்' நடந்துகொண்டிருந்தபோது ஓர் அனார்கிஸ்ட் மாடியிலிருந்து குண்டு வீசினார். சுமார் 20 பேர் இறந்தார்கள். அரங்கம் மூடப்பட்டது. லூயிசாவின் ஓபராவும் நின்றுபோனது.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். பாவம், நல்ல வாய்ப்பு போச்சு, அவ்வளவுதான். எனக்கு இது ரொம்ப வசதியான பதிலாகப் படுகிறது. லிசெயு சில மாதங்களில் மறுபடி திறந்தது. ரொசினி திரும்பி வந்தார், வாக்னர் வந்தார். லூயிசா மட்டும் வரவில்லை. குண்டு நிகழ்ச்சியைத் தள்ளிவைத்தது, சரி. அப்புறம் கூப்பிடாமல் விட்டது யார்?

அந்த ஓபரா மகத்தானதுன்னு நான் வாதாடவில்லை. 1840-ல் மிலானின் லா ஸ்காலாவில் வெர்டியின் இரண்டாவது ஓபரா படுதோல்வி. இரண்டே வருடத்தில் அதே மேடையில் 'நபுக்கோ' வந்தது. ஓபரா எழுதுகிறவர் மேடையில் தோற்றுத்தான் கற்றுக்கொள்ள முடியும். பாட்டு எழுதினால் வீட்டுக் கூடத்தில் ஒரு பியானோ போதும். ஓபராவுக்கு ஆர்கெஸ்ட்ரா வேணும், பாடகர்கள் வேணும், பணம் போட ஆள் வேணும். லூயிசா பாட்டுகள் எழுதினார். தோற்றுப் பார்க்கிற வாய்ப்புகூட லிசெயுவில் அவருக்குக் கிடைக்கவில்லை.

ஒரு பெண் எழுதிய ஓபரா லிசெயு மேடையில் முதன்முதலாக அரங்கேறியது 1974-ல்: வலென்சியாப் பகுதியைச் சேர்ந்த மாத்தில்தே சல்வதோரின் 'வினத்தேயா'. இடையில் 81 வருடம். ஒரு குண்டின் மேல் இவ்வளவு பழியைப் போட முடியாது.